காத்து மீட்டர்

நான் காற்றை அளந்து சம்பளம் வாங்கியவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், உலைக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. காற்று குறைந்தால் உலை கரும்புகை கக்கும். கூடினால் சூட்டை அள்ளிக்கொண்டு புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். இரண்டுக்கும் நடுவில் அதை நிறுத்தி வைப்பவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "மீட்டர் பொய் சொல்லாது" என்பது நான் ஆலையில் அடிக்கடி விடும் வசனம். மதிப்புக் கூடட்டும் என்று குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். எழுத்தில் காற்று, எங்கள் பக்கத்துப் பேச்சில் காத்து. அந்தக் காத்துக்கு மூன்று வேலை. டயருக்குள் அடிப்பதும் காத்து, வயிற்றுக்குள் உருள்வதும் காத்து, உச்சி வேளையில் ஆற்றங்கரைப் பக்கம் தனியாகப் போனவர்கள் மேல் ஏறிக்கொள்கிற பேயும் காத்து. ஆலை வாசல் காவலாளி, நான் காத்து அளக்கிறவன் என்று கேள்விப்பட்டு ஒருநாள் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார்.

"சார், நேத்து பட்டாணி சுண்டல் துன்னேன். எவ்ளோ கீதுன்னு பாத்துச் சொல்லேன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம். அந்தச் சொல் எனக்காகவும் காத்துக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. என்னிடம் ஒரு பழைய வெள்ளை பெட்ரோல் கார் இருந்தது. தானுண்டு தன் வேலையுண்டு என்று ஓடிக்கொண்டிருந்த அந்தக் காருக்கு டர்போ போட்டவன் நான். வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுற்றிச் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான் அது. புதுவாயல் கூட்டுரோட்டில் பழைய இன்ஜின் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் கிடைத்தது. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து ஆள். விற்க வேண்டிய பொருளைக்கூட "இது உனுக்கு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். அன்றைக்கும் கேட்டார். நான் காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று வருடம் அந்த டர்போ என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. காரணம் இதுதான். அந்தக் காரில் காற்று உள்ளே நுழையும் குழாயில் ஒரு மீட்டர் உண்டு. தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒன்று அதற்குள் சூடாக நிற்கும். காற்று வேகமாகப் போகப்போகக் கம்பி ஆறும். ஆறவிடாமல் வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதை வைத்து இவ்வளவு காற்று வந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, அதற்கேற்றபடி பெட்ரோலைத் தெளிக்கச் சொல்லும். சும்மா நிற்கும்போது ஒரு வோல்ட். முழு வேகத்தில் நாலு வோல்ட். ஐந்துக்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது.

டர்போ திணித்த காற்றில் மீட்டர் ஐந்தைத் தொட்டு அங்கேயே நின்றுகொண்டது. அதற்கு மேல் புயலே அடித்தாலும் ஐந்துதான். கம்ப்யூட்டரும் ஐந்துக்கு உண்டான பெட்ரோலைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது. காற்று ஏகத்துக்கு, பெட்ரோல் போதவில்லை. வண்டி இருமும், உதறும், நினைத்த இடத்தில் நிற்கும். அப்படி நின்ற இடங்களில் ஒன்று, என் மைத்துனன் கல்யாணத்துக்குப் போகும் வழி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி அன்று இலையில் உட்காரவில்லை. அவளுக்குத் தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி. அம்மா போனபோது இவள் பன்னிரண்டாம் வகுப்பு, தங்கை மூன்றாம் வகுப்பு. தங்கைக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் இவள்தான். இப்போது அந்தத் தங்கைக்குத் திருத்தணி தாண்டி ஆர்.கே.பேட்டையில் கல்யாணம். போனில் அவள் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது.

"அக்கா, நீ பக்கத்துல நின்னாத்தான் கழுத்த நீட்டுவேன். மாமா வண்டிய மட்டும் நம்பிக்கினு வராத."

இவள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை வரை பரீட்சை மேற்பார்வை. விடுப்புக் கிடைக்கவில்லை. மேற்பார்வை முடிந்ததும் மூன்று பஸ் மாறியாவது போய்விடுகிறேன் என்றாள். நான்தான் தடுத்தேன். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்து. காலையில் ஆறுக்குக் கிளம்பினால் எட்டரைக்கு மண்டபம், என் பொறுப்பு என்றேன்.

"சரி. இதையும் நான் பாக்கலன்னா, அப்புறம் அந்த வண்டி இந்த ஊட்ல நிக்கக் கூடாது. நின்னா நான் இருக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். மறுநாளே புதுவாயலுக்குப் போனேன்.

"பாய், மீட்டருக்குப் பெரிய கொழாய் ஒண்ணு வேணும். கம்பி அதேதான். கொழாய் மட்டும் ஒன்றரை மடங்கு."

"கொழாய் பெருசானா காத்து மெதுவாப் போவும். மீட்டரு கம்மியாத்தான சார் காட்டும்?"

"காட்டட்டும். பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டரையும் ஒன்றரை மடங்கு பெருசாப் போட்டுருவேன். கம்ப்யூட்டர் கம்மியாத் தெளிக்கச் சொன்னாலும் சரியான அளவு வந்துடும்."

பாய் விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"அப்போ காத்துல ஒரு பொய்யி, பெட்ரோல்ல ஒரு பொய்யி."

"ரெண்டும் சமம் பாய். சமமா இருந்தா பொய்யே இல்ல."

"ஊட்லயும் இப்டித்தான் சொல்லிக்கினு கீறியா சார்?" என்று கேட்டுவிட்டு, குழாயை எடுக்க உள்ளே போனார்.

மீட்டர் பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து மீட்டருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அது லேசில் படியவில்லை. பெரிய குழாயில் காற்று நேராகப் போகாமல் சுழன்றுகொண்டு போனது. அதனால் மீட்டரின் எண் குதித்துக்கொண்டே இருந்தது. காற்றை வகிடெடுத்து அனுப்ப ஒரு வலை வேண்டும். முதலில் ஓமப்பொடி அச்சை வைத்தேன். ஓட்டை போதாமல் வண்டிக்கு மூச்சு முட்டியது. பிறகு மாவுச் சல்லடையின் கம்பி வலையை வட்டமாக வெட்டி வைத்தேன். எண் அப்படியே அசையாமல் நின்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சல்லடையின் வெறும் வளையம் அடுப்பங்கரையில் கிடப்பதைப் பார்த்து அவளுக்கும் வந்திருக்கும், வேறு காரணத்துக்கு.

"மாவு எதுல சலிக்கிறது இனிமே? வண்டில கொட்டிச் சலிச்சுக்கவா?"

வோல்ட் பார்க்கும் கைமீட்டர் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டு டேஷ்போர்டில் கட்டினேன். அதை ரோட்டைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டு, பெரியபாளையம் பக்கத்து ஆரணி வரை ஓட்டினேன். ஆற்றுப் பாலம் தாண்டி மிதித்தபோது டர்போ சீறியது. மூன்று, மூன்றரை, நாலு, நாலேகால். அங்கே நின்றது. ஐந்தைத் தொடவில்லை, இருமவில்லை, உதறவில்லை. ஜன்னலைத் திறந்து ஒரு கத்து கத்தினேன். வரப்பில் நின்ற ஒருவர் பதறிப்போய்க் குடையை மடக்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் மாமனார் தட்டு, வெற்றிலை பாக்குடன் பத்திரிகை வைக்க வந்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்கிறவர். மரியாதையான மனிதர். கறவை நின்ற மாட்டுக்கும் ஓடாத பம்ப்செட்டுக்கும் ஒரே மாதிரி சாம்பிராணி போடுகிறவர். அவர் கூடத்தில் சாய்ந்திருக்க, நான் உள்ளறையிலிருந்து பாயிடம் போனில் சந்தோஷத்தைக் கொட்டினேன். சத்தமாகத்தான் பேசியிருக்கிறேன்.

"பாய்! ஆரணி ஆத்துப் பாலம் தாண்டுனதும் ஏறுச்சு பாரு காத்து! யப்பா! மூணு வருசமா இந்தக் காத்து அடங்காமத்தான பேஜாரு பண்ணிக்கினு இருந்துச்சு? வண்டி ஒதறும், நடு ரோட்ல தள்ளும். இப்ப எவ்ளோ காத்து வந்தாலும் புடிச்சு உள்ள அனுப்பிடலாம்!"

வெளியே வந்தபோது மாமனார் எழுந்து உட்கார்ந்திருந்தார். என் கால்களைப் பார்த்தார். அவை தரையில் படுகின்றனவா என்று பார்த்தார் என்பது பின்னால்தான் புரிந்தது.

"மாப்ள, ஒடம்பு நல்லாத்தான கீது?"

"நல்லாருக்கேன் மாமா."

"சாப்பாடு எறங்குதா?"

"எறங்குது மாமா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன், காரின் ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போனேன். மத்தியானம் வந்தபோது மாமனார் ஊருக்குப் போயிருந்தார். வீடெங்கும் சாம்பிராணி வாசம், வெள்ளிக்கிழமையாயிற்றே. காரின் முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கின, லாரிக்காரர்கள் கட்டாததா. ஃபில்டரை எடுத்து மாட்டினேன். இனி கல்யாணத்தன்றுதான் சாவி போடுவது என்று தார்ப்பாயை இழுத்து மூடினேன். நன்றாக ஓடுவதை நோண்டக் கூடாது என்பது அதுவரை நான் கடைப்பிடிக்காத கொள்கை. அன்றைக்கென்று பார்த்துக் கடைப்பிடித்தேன்.

கல்யாண நாள் காலை ஆறு மணி. பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, மடியில் தங்கைக்கான அலங்காரப் பை. தார்ப்பாயை உருவிச் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பியது. ஆனால் புதுவாயல் தாண்டும்போதே ஏதோ சரியில்லை. மிதித்தால் முக்கியது. ஆரணிப் பாலத்தை இரண்டாம் கியரில் நொண்டிக்கொண்டு தாண்டி, சரியாக முன்பு நான் கத்திய அதே இடத்தில் நின்றது.

கைமீட்டரைப் பார்த்தேன். எவ்வளவு மிதித்தாலும் ஒன்றரை வோல்ட். நாலு காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரை.

இங்கேதான் என் கர்வம் என்னை வைத்துச் செய்தது. மீட்டர் பொய் சொல்லாது. மீட்டர் ஒன்றரை என்றால் காற்று வரவில்லை. அப்படியானால் வழியில் எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது. வேட்டியை மடித்துக்கட்டி, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி ஊதிப் பார்த்தேன். எதிலும் அடைப்பு இல்லை. மாட்டினேன். ஒன்றரை. டர்போவின் வாயைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தம். ஒன்றரை. காணாமல் போன காற்றை நான் வயல்வெளியின் நடுவில் தேடிக்கொண்டிருந்தேன். சுற்றிலும் அது ஜோராக வீசிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினாள். கல்யாண நாள் கூட்டம், இரண்டுமே நிற்கவில்லை. மணி ஏழே முக்கால். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. பானெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"போய்ச் சேருவோமா, மாட்டோமா? அத மட்டும் சொல்லுங்க."

கழற்றிப் பார்க்க மிச்சமிருந்தது மீட்டர் ஒன்றுதான். அதைச் சந்தேகப்படுவது பெற்ற தாயைச் சந்தேகப்படுவது மாதிரி இருந்தது. ஆனாலும் கழற்றினேன். உள்ளே வெளிச்சத்தில் பார்த்தேன். கம்பி வெள்ளியாக மினுங்க வேண்டும். பழுப்பாக, பிசினாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை வாசம்.

"இதுல சாம்பிராணி எப்டி வந்துச்சு?"

அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படி நின்று பார்த்ததில்லை.

"அன்னிக்கு வந்தப்ப எங்க நைனாதான் போட்டாரு."

"எதுல?"

"வண்டில. காத்து உள்ள போற வாய் எதுன்னு கேட்டாரு. நீங்கதான் தெனமும் காட்டிக் காட்டிச் சொல்வீங்களே, நான் காட்டினேன். வண்டிய ஓடவுட்டுப் போட்டாத்தான் காத்து வெளிய வரும்னாரு. நான்தான் சாவி போட்டேன். தூபக்கால வெச்சதும் பொகைய எப்டி இழுத்துச்சு தெரியுமா? நைனாவே பயந்துட்டாரு. 'பாத்தியா, பாத்தியா, எப்டித் துன்னுது பாரு'ன்னு இன்னும் ரெண்டு பிடி போட்டாரு."

ஃபில்டர் கொடியில் காய்ந்த நேரம். வாய் திறந்து கிடந்த குழாய். அரை மணி நேரச் சாம்பிராணிப் புகை. முடியைவிட மெல்லிய கம்பி அத்தனையையும் பூசிக்கொண்டுவிட்டது. பிசின் போர்வைக்குள் சுகமாக இருந்த கம்பி, காற்று பட்டும் ஆறவில்லை. ஆறாததால் காற்று இல்லை என்று சொல்லிவிட்டது.

"எதுக்குப் போட்டாரு?" என்று கேட்டேன், தெரிந்தும்.

"காத்து ஓட்டத்தான்."

"ஓட்டிட்டாரு," என்றேன். "மீட்டர்ல சுத்தமாக் காத்தே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கினாள். அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பிலிருந்து அழுகைக்கு எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "என் தங்கச்சி கழுத்த நீட்டாம உக்காந்திருப்பா" என்றாள். மூன்று வருடம் நான் இந்தக் காருக்காக எதை எல்லாம் ஊதித் தள்ளியிருக்கிறேன் என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது.

பிசினைக் கரைக்க எதுவாவது வேண்டும். பெட்ரோல் எண்ணெய்ப் படலம் விட்டுவிடும். மருந்துக் கடை ஆரணியில், எப்போது திறப்பார்களோ. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அலங்காரப் பையைக் கவிழ்த்தாள். மை, பவுடர், ஊக்கு, நகப்பாலிஷ், அதை அழிக்கிற திரவம்.

"இது கரைக்குமா?"

கரைக்கும். ஆனால் கம்பியில் துணி பட்டால் அறுந்துவிடும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் திரவம் சிந்தினால் அது உருகும். நான் கையை நீட்டினேன். விரலெல்லாம் கரி. அவள் மீட்டரைப் பிடுங்கிக்கொண்டாள். நகப்பாலிஷ் பிரஷைக் கழுவி, திரவத்தில் தோய்த்து, கம்பியில் படாமல் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆயிரக்கணக்கான விடைத்தாளில் கூட்டல் பிழை பார்த்த கை. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. பழுப்பு வழிந்து இறங்கி, அடியிலிருந்து வெள்ளிக் கம்பி எட்டிப் பார்த்தது. உலர்ந்ததும் மாட்டினேன்.

மணி எட்டே கால். கைமீட்டரைப் பார்த்தேன். அதில் அவள் தன் கைக்குட்டையைப் போட்டு மூடினாள்.

"ரோட்டப் பாருங்க."

"வோல்ட் தெரியணும்..."

"தெரிய வேணாம். ரோட்டப் பாருங்க."

பெரியபாளையம் தாண்டி மிதித்தேன். டர்போ சீறியது. நாலா, நாலேகாலா, தெரியாது. முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கார் என்னென்ன செய்ய வேண்டும் என்று நான் கனவு கண்டேனோ அத்தனையும் செய்தது. அதில் ஒன்றைக்கூட நான் அளக்கவில்லை. திருவள்ளூர், திருத்தணி. அவள் ஒரு கையால் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் கலைந்த பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மண்டபத்து வாசலில் நிறுத்தும்போது உள்ளே மேளம் மாறியது. வண்டி முழுதாக நிற்கும் முன்பே அவள் இறங்கி ஓடினாள். ஒரு செருப்பு படியில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மணமேடையில் குனிந்திருந்த பெண் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் மறுபடி குனிந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. யாரோ என் கையில் அட்சதையைத் திணித்தார்கள். என் கைக் கரி ஒட்டி அது எள்ளு மாதிரி ஆகியிருந்தது. தூவ வெட்கப்பட்டுக்கொண்டு, கடைசியில் தூவிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து காரடியில் நின்றிருந்தபோது மாமனார் வந்தார். கையில் புகையும் தூபக்கால். பின்னால் சாம்பிராணித் தட்டுடன் என் மனைவி.

"வர்ற வழியில மறுபடி தொந்தரவு பண்ணுச்சாமே மாப்ள? பெரிய பாப்பா சொன்னா. முழுசாப் போகல போலக்கீது. பானெட்ட தொறங்க, இன்னொரு தபா போட்டுடலாம்."

நான் பானெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"வண்டிக்கு வேணாம் மாமா. அதுக்குப் போயிடுச்சு. எனக்குப் போடுங்க."

மாமனார் கிட்டே வந்தார். எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி, தூபக்காலை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து மூன்று சுற்றுச் சுற்றினார். கண் எரிந்தது. புகைக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் கேட்டது.

"நல்லாப் போடு நைனா. மூணு வருசத்துக் காத்து."